எப்சி டீச்சரின் பாஸ்வேர்டு

எனக்குச் சூதாட்டப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று எங்கள் திருச்சபையில் ஒரு பேச்சு உண்டு. கணக்கு டீச்சர், கல்யாணம் ஆகாதவள், கையில் நாலு காசு சேர்ந்ததும் புத்தி கெட்டுப்போய் ஷேர் மார்க்கெட்டில் விட்டுவிட்டாள் என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

ராணிப்பேட்டையில் மிஷன் காம்பவுண்டுக்குள் இருக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளியில் எனக்கு வேலை. பென்ஷன் கிடையாது. குடியிருக்கக் குவார்ட்டர்ஸ் உண்டு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். 2008 மே மாதம் என் முறை. அதற்குள் எனக்கென்று ஒரு வீடு வாங்கிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

அதற்கான பணம் ஷேர்களாக இருந்தது. தொண்ணூறுகளில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் எல்லாம் வேலூரில் ஒரு பைனான்ஸில் போய்ப் பணத்தைக் கொட்டினார்கள். நடத்தியவர் ஒரு சபையின் மூப்பர். திறக்கும்போது ஜெபம் பண்ணித் திறந்தார்கள். மூடும்போது யாரிடமும் சொல்லாமல் மூடினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனஸ் வரும்போதெல்லாம் உருப்படியான கம்பெனிகளாகப் பார்த்து விண்ணப்பம் போட்டு ஷேர் வாங்கினேன். காகிதங்கள் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் கிடந்தன. 2006-ல் பேப்பரைப் பார்த்தால் எல்லாம் பல மடங்கு ஏறியிருந்தன. ஆனால் காகிதமாக விற்க முடியாது, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க டீமேட் கணக்கு வேண்டும், தரகர் வேண்டும் என்றார்கள்.

தரகர் தேடும் வேலைக்கு என் தம்பி எபனேசரைக் கூட்டிக்கொண்டேன். எனக்கு அவன் எபி. அம்மா செத்தபோது அவன் பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தூக்கி வளர்த்தது நான், படிக்க வைத்தது நான், சாராவைப் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான். சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். ஆபீசில் மேஜைமேல் கம்ப்யூட்டர், நெட் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் மேல் ஸ்தாயியில் பாடும் டெனர் அவன்தான்.

முதலில் வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு தரகர் அலுவலகத்துக்குப் போனோம். மாடியில் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் எனக்கு டீ வரவழைத்தார்.

"நீங்க வீட்லயே இருங்க மேடம். எத வாங்கணும், எத விக்கணும், எல்லாம் நாங்களே போன் பண்ணி சொல்லிடுவோம்."

"அப்படிக் கேட்டு லாபம் வந்தவங்க இங்க யாரு இருக்காங்க? அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசறேன்."

கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது சென்னையில் புதிதாகத் தொடங்கிய ஒரு ஆன்லைன் கம்பெனி. கமிஷன் மிகக் கம்மி. அவர்கள் கொடுத்த நம்பருக்கு மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் பாட்டுத்தான் கேட்டது. கணக்குத் தொடங்கும் முன்பே போனை எடுக்காதவன், தொடங்கின பிறகா எடுக்கப்போகிறான்? அதையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது என் சேமிப்புக் கணக்கு இருந்த வங்கியின் ஆன்லைன் கணக்கை. கமிஷன் அதிகம், வருடக் கட்டணம் வேறு. ஆனால் வங்கிக் கணக்கு, டீமேட், விற்பது வாங்குவது எல்லாம் ஒரே இடத்தில். நடுவில் ஒரு ஆள் கிடையாது. பாஸ்வேர்டு போட்டால்தான் கதவு திறக்கும்.

"கமிஷன் ரொம்ப ஜாஸ்தியா இருக்கேக்கா" என்றான் எபி.

"இருக்கட்டும்டா. எவன் கையும் படாம இருக்கறதுக்குத்தான் அந்த ஜாஸ்தி."

"உன்ன ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்" என்று சிரித்தான். எனக்கும் பெருமையாக இருந்தது.

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை அவன்தான் காட்டினான். எல்லா வகை வியாபாரத்துக்கும் சேர்த்தே போட்டுவிடு, அப்புறம் அலைய வேண்டாம் என்றான், போட்டேன். எனக்கு ஈமெயில் கிடையாது, ஒன்று உண்டாக்கினான். செல்போனும் கிடையாது. "என் நம்பரக் குடுத்துடறேன், ஏதாச்சும் மெசேஜ் வந்தா சொல்றேன்" என்றான். வளர்த்த பிள்ளை. சரி என்றேன். ஆனால் பாஸ்வேர்டை மட்டும் அவனை எழுந்து அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன்.

எழுத்தும் எண்ணும் கலந்து இருக்க வேண்டும் என்றது கம்ப்யூட்டர். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுத்த வாக்கு. வருடம் முழுக்க அது எனக்கு மறக்காது. அந்த வசனம் பைபிளில் வருகிற புத்தகத்தின் பெயரும் எண்ணும்தான் என் பாஸ்வேர்டு. எங்கேயும் எழுதி வைக்கத் தேவையில்லை. புது வருடம் வந்தால் புது வசனம், புது பாஸ்வேர்டு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். வருடத்துக்கு ஒருமுறை மாறும், எங்கேயும் எழுத மாட்டேன் என்று எபியிடமும் பெருமையடித்தேன்.

ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி நேரம். ஒவ்வொருவராக முன்னால் போய், எனக்கு இந்த வருடம் கிடைத்த வாக்குத்தத்தம் இது என்று வசனத்தைச் சொல்லி, ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு வருவோம். 2007-லும் சொன்னேன். டீச்சர் இல்லையா, புத்தகம், அதிகாரம், எண் எல்லாம் ஒழுங்காக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி மைக்கில் சொன்னேன்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் முத்துக்கடையில் ரஷீத் அஹமது வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். என்னைப் பார்த்ததும் அவரே ஓரத்து நாற்காலியை இழுத்துப் போடுவார். உள்ளே போய் என் ஷேர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்ப்பேன். இருக்கும். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். வேறு எந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. விற்கிற நாள்வரைக்கும் அங்கே எனக்கென்ன வேலை?

வீடும் கிடைத்தது. அம்மூர் ரோட்டில் பூவம்மாள் என்பவரின் சின்ன வீடு. ராணிப்பேட்டையில் வீடு பார்ப்பவர்கள் முதலில் சுவரைப் பார்க்க மாட்டார்கள், தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்பார்கள். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்காத கிணறு இங்கே அபூர்வம். நான் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். உப்பும் இல்லை, வாடையும் இல்லை. அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன். 2008 பொங்கல் கழித்து ஷேரை விற்று மிச்சத்தைக் கட்டிப் பத்திரம் பண்ணுவதாக ஏற்பாடு.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம் மார்க்கெட் மடமடவென்று விழுந்தது. பேப்பரில் முதல் பக்கத்தில் அதுதான் செய்தி. நான் பெரிதாகப் பயப்படவில்லை. கொஞ்சம் இறங்கியிருந்தாலும் வீட்டு விலைக்குத் தாராளமாகக் காணும். எதற்கும் பார்த்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ரஷீத் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் ஷேர் பக்கம் வெறுமையாக இருந்தது. வெளியே வந்து மறுபடி நுழைந்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

ரஷீத்தின் போனிலிருந்தே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க மொபைலுக்கு நேத்து காலைலேர்ந்து கால் பண்ணோம் மேடம். மார்ஜின் ஷார்ட்டேஜ்."

"அப்படின்னா இன்னாம்மா?"

"உங்க ஷேரெல்லாம் ஈடா வச்சு ஃபியூச்சர்ஸ்ல டிரேட் பண்ணியிருக்கீங்க. மார்க்கெட் ஏறும்னு கட்டியிருக்கீங்க, விழுந்துடுச்சு. நஷ்டத்துக்குப் பணம் கட்டலன்னா ஈடா இருக்கற ஷேர வித்துடுவோம். வித்தாச்சு மேடம்."

"நான் ஒரு ஷேரக்கூட தொடலையேம்மா."

"தினமும் உள்ள வந்திருக்கீங்களே மேடம். ஒரு வருஷமா."

எந்த நம்பருக்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கடைசி நாலு எண்களைச் சொன்னாள். நான் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே செல் நம்பர் அதுதான்.

"இன்னா டீச்சர், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? தண்ணி குடிங்க" என்றார் ரஷீத். குடிக்காமல் எழுந்து நேராக நவல்பூரில் எபி வீட்டுக்குப் போனேன்.

ஆபீசுக்குப் போகாமல் லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சாரா சமையலறைக்குள் போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வருஷமா லாபந்தான் வந்துச்சுக்கா" என்றான். "இந்த ரெண்டு நாள்ல எல்லாம் போய்ட்டுது. உனக்கு இன்னும் பெரிய வீடா வாங்கிக் குடுக்கலாம்னுதான் பண்ணேன்."

"வந்த லாபம் எங்கடா?"

அவன் சொல்லவும் வேண்டாம். வாசலில் புது பைக் நின்றது. கூடத்தில் புது ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"கிறிஸ்மஸுக்கு உனக்குப் பட்டுப்புடவை எடுத்துக் குடுத்தனேக்கா" என்றான் கடைசியில்.

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு காம்பவுண்டு முழுக்க, என் தம்பி எடுத்துக் கொடுத்தது என்று காட்டிக்கொண்டு திரிந்தவள் நான்.

"என் பாஸ்வேர்டு உனக்கு எப்படிடா கெடச்சுது?"

"நான் இன்னா திருடினனா? நீதானக்கா மைக்குல சொன்ன."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். அந்த முகத்தில் துளி வெட்கம் இல்லை. என் மேல்தான் தப்பு என்பது போல உட்கார்ந்திருந்தான். முன்னூறு பேர் இருந்த கோவிலில், கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னவள் வாயிலிருந்து சாவியைப் பொறுக்கி எடுத்திருக்கிறான். போன வருடம் அந்த ஞாயிறு மதியமே வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தானாம். திறந்துகொண்டதாம். இந்த வருடத்துப் புது வசனத்தையும் அதே மைக்கில்தான் கேட்டுக்கொண்டானாம். அவனை ஓங்கி அறைந்திருக்க வேண்டும். கை எழவில்லை. ஜுரம் வந்தால் ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கை அது, அதற்கு அடிக்கத் தெரியவில்லை.

வங்கியில் முறையிட்டேன். சரியான பாஸ்வேர்டோடு உள்ளே போயிருக்கிறது, அதைக் காப்பது உங்கள் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். போலீசுக்குப் போகச் சொன்னார் ரஷீத். ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போனேன். உள்ளே போனால் அவன் வேலை போகும், ஜெயில்கூட ஆகும். திரும்பி வந்துவிட்டேன். அவனுக்கு நான் செய்த கடைசி உபகாரம் அது.

அதற்கு அவன் செய்த பிரதி உபகாரத்தைக் கேளுங்கள். எனக்கு முன்னால் அவன் சபைக்குப் போய்விட்டான். "அக்கா யார்கிட்டயும் சொல்லாம ஷேர்ல ஆடியிருக்கு. எல்லாம் போய்ட்டுது. நாந்தான் பார்த்துக்கணும்" என்று போதகர் வீட்டில் உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறான். கணக்கு என் பெயரில், பாஸ்வேர்டு என்னுடையது, சனிக்கிழமைதோறும் பிரவுசிங் சென்டரில் என்னைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் உண்டு. நான் வாய் திறந்தபோது எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பணத்தை எடுத்ததுகூட ஒரு நாள் ஆறியிருக்கும். இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மே கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தேன். பி.எஃப். பணம் வரவில்லை. பூவம்மாள் வேறு ஆள் கிடைத்ததும் அட்வான்ஸைத் தருகிறேன் என்றிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. எபி ஆட்டோ கொண்டுவந்து என் பெட்டிகளை ஏற்றினான். மிஷன் காம்பவுண்டே வாசலில் நின்று பார்த்தது. அவன் வீட்டில் பின்பக்கத்து அறையில் போய் இருந்தேன். சாரா தட்டில் சோற்றை வைத்துவிட்டு, "அண்ணி, சாப்புடுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

ஒரு சாயங்காலம் போதகரின் மனைவியும் ஐக்கியத்துப் பெண்களும் எனக்காக ஜெபிக்க வந்தார்கள். போதகரின் மனைவியை எங்கள் சபையில் ஐயரம்மா என்போம். நல்ல மனுஷி. என் தலையில் கையை வைத்து, இந்தச் சகோதரியைச் சூதாட்டத்தின் பிடியிலிருந்து விடுவியும் ஆண்டவரே என்று உருக்கமாகக் கேட்டார். ஆமென் என்று எல்லோருக்கும் மேலே ஒரு டெனர் குரல் வந்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான். போகும்போது ஐயரம்மா அவன் கையைப் பிடித்து, அக்காவைக் கைவிடாத தம்பி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் எபி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டான்.

"அக்கா, பி.எஃப். பணம் எப்ப வருது?"

"எதுக்குடா?"

"இப்ப மார்க்கெட் நல்லா கீழ இருக்குது. இப்ப போட்டா உட்டத அப்படியே புடிச்சிடலாம். நீ ஒண்ணும் பேஜார் பண்ணிக்காத, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுவரை என் மனசின் ஒரு மூலையில், பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டான், பிள்ளை உள்ளுக்குள் வருந்துகிறான் என்று ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அது விட்டுப்போயிற்று.

அந்த வாரம்தான் பூவம்மாள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருந்தார். வாலாஜாவில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒரு பழைய மாணவி சொல்லியிருந்தாள். எழுந்து துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன். எபி வாசற்படியில் வந்து நின்றான். இப்போதுதான் முதல்முறையாக அவன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"இன்னாக்கா இது? இப்பதான் ஐயரம்மால்லாம் வந்துட்டுப் போனாங்க. நீ கெளம்பிப் போய்ட்டா ஊரு இன்னா சொல்லும்?"

"நீ சொல்றதத்தான்டா சொல்லும்" என்றேன். "நல்லா யோசிச்சு சொல்லு. வழிய விடு."