வெள்ளோட்டம்

எங்கள் சினிமா சங்கத்தில் யாரையும் லேசில் நம்பாதவள் நான்தான். அதனாலேயே காமிராவை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். எங்கள் ஊரான மஹ்தியாவில் அது எண்பத்து நாலாம் வருஷத்து வசந்தம். ரொட்டி விலை ஏறி, தெருவில் துப்பாக்கி வெடித்து, விலை மறுபடி இறங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ரொட்டி வரிசையைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பினோம். கொழுப்புதான், வேறென்ன.

கதை சின்னது. ஒரு தகப்பன் காலையிலிருந்து வரிசையில் நிற்கிறான். அவன் முறை வரும்போது கடை ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். கொண்டுவந்த துணிப்பையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். ஆகஸ்டில் நடக்கும் பட விழாவுக்குள் முடித்தாக வேண்டும். கையிலிருந்ததோ ஐந்து பிலிம் சுருள், ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். அதைக் கழுவ, கடல் தாண்டி மர்சேய்க்குப் போகிற யாருடைய பெட்டியிலாவது வைத்து அனுப்ப வேண்டும். அதனால் எந்தக் காட்சியையும் முதலில் பிலிம் போடாமல் காமிராவை ஓட்டிப் பார்ப்போம். வெள்ளோட்டம் என்போம்.

தகப்பன் வேஷத்துக்குத் தானாகவே வந்து நின்றவர் லம்ஜத். தையல் மிஷின் ரிப்பேர் கடைக்காரர். எங்களில் யாருக்கும் சொந்தமில்லை, பழக்கமில்லை. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் ஓரமாகப் போய் எதையோ எழுதிக்கொள்வார்.

"அவன் போலீஸ் ஆளு, ரவ்தா," என்றான் எங்கள் டைரக்டர் ஹெஷ்மி. "நடிப்பு ஆசையாம். யாரு காதுல பூ சுத்துறான்?"

"அனுப்பிடுவமா?"

"அனுப்பினா இன்னொருத்தனை விடுவாங்க. அது யாருன்னு தெரியாம முழிக்கணும். இவனையாவது தெரியும்."

வழி கண்டுபிடித்தது நான். அவர் வருகிற காட்சி எல்லாம் வெள்ளோட்டமாகவே இருக்கட்டும். அவர் போன பிறகு தகப்பன் வேஷத்துக் கோட்டை ஹெஷ்மியின் மாமாவுக்கு மாட்டிவிட்டு நிஜமாக எடுத்துக்கொள்ளலாம். போலீஸ் வந்து கேட்டாலும் லம்ஜத் சொல்கிற எதற்கும் சாட்சி இருக்காது. அன்றைக்கு எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

மத்தியானம் ரொட்டிக்கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் வாசலில் எடுத்தோம். ஷட்டர் இறங்கியது. லம்ஜத் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், ஒன்றுமில்லாத பையிலிருந்து மாவைத் தட்டுவதுபோல ஒரு தட்டு தட்டினார். பின்னால் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். அவர் தெருமுனை தாண்டிய பிறகும் நான் பட்டனை விடவில்லை. காமிராவில் பிலிம் இல்லை.

"நல்லா வந்துச்சுண்ணே," என்றேன். அவர் ஓரமாகப் போய் எழுதினார். அடுத்த வாரமும் அதே காட்சி, அதே காலி காமிரா, அதே நோட்டு.

மூன்றாம் வாரம் சங்கத்து அறைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். மற்ற காட்சிகளுக்குப் போக ஒரே ஒரு சுருள்தான் பாக்கி.

"தங்கச்சி, என்னை எடுக்கிறப்ப உள்ள பிலிம் இருக்கிறதில்ல, இல்லியா?"

துணியைத் திருப்பி லென்ஸை மறுபடி துடைத்தேன்.

"இருபது வருஷமா மோட்டார் சத்தம் கேக்கிறவன்மா நான். பாரம் இழுக்குதா, சும்மா சுத்துதான்னு எனக்குத் தெரியாதா?" நோட்டைத் திறந்து காட்டினார். தேதி, பக்கத்தில் பூஜ்யம். அடுத்த தேதி, பூஜ்யம். "கடை லைசென்ஸ் அவங்க கையில. வாரா வாரம் ஸ்டேஷனுக்குப் போய் உங்களைப் பத்திச் சொல்லணும். காமிராவுல பிலிமே இல்ல, சின்னப் புள்ளைங்க விளையாடுதுன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பொய் சொல்லல பாரு."

"இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"ஜனவரியில நானும் பையோட நின்னவன். இன்னிக்கு ஒரு தடவை பிலிம் போடு. ஸ்டேஷன்ல என்ன சொல்லணுமோ நான் பாத்துக்கிறேன்."

என் புத்தி ஒரு நிமிஷத்தில் நூறு கணக்குப் போட்டது. இது பொறியாக இருந்தால்? பிலிமோடு பிடிக்கத்தானே இந்த உருக்கம்? போலீசுக்குச் சொல்கிற ஆள் என்று அவரே ஒத்துக்கொண்டாயிற்று, இனி எதை நம்ப?

"சரிண்ணே," என்றேன்.

கடை வாசலில் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, சுருளின் உறையைச் சத்தம் கேட்கிற மாதிரி கிழித்தேன். காமிராவைத் திறந்து மூடினேன். சுருள் என் கோட்டுப் பைக்குள் போனது.

ஷட்டர் இறங்கியது. பட்டனை அழுத்தினேன். மோட்டார் சுற்றிய அந்த நொடி அவர் கண் ஒரு தரம் காமிரா பக்கம் வந்து போனது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். மெதுவாக ஒரு தட்டு தட்டினார். அப்படி ஒரு நடிப்பை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

முடிந்ததும் நோட்டை எடுத்து, தேதி போட்டு, பக்கத்தில் பூஜ்யம் எழுதினார்.

"இந்த வாரமும் நான் பொய் சொல்ல வேண்டியதில்ல, தங்கச்சி," என்று கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

போலீசும் வரவில்லை. கடைசிச் சுருளில் ஹெஷ்மியின் மாமாவை எடுத்தோம். மனுஷனுக்குப் பை மடிக்கத் தெரியவில்லை. இரண்டாக மடி, நாலாக மடி, இப்போது தட்டு என்று நான்தான் கூசாமல் சொல்லிக்கொடுத்தேன். விழாவில் அந்த இடத்துக்குத்தான் கை தட்டினார்கள்.