மயில்கழுத்து

அன்று மூன்றாவது ரவிக்கைத் துணி திரும்பி வந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மயில்கழுத்து நிறப் புடவைக்கு வெறும் நீலத்தை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். கொண்டுவந்த அம்மாள் சண்டை போடவில்லை. வீட்டில் போய்ப் பார்த்தால் வேறு நிறமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். ரசீதைப் பார்க்காமலே மேகலாவுக்குத் தெரிந்தது. வெட்டியது தேவானைதான்.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் மேட்சிங் சென்டர் அது. புடவையைக் கொண்டுவந்தால் அதற்குச் சேரும் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் தருவார்கள். கடையில் ஒரு கட்டளை உண்டு. எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன்னால் புடவையோடு வாசற்படிக்கு எடுத்துப்போய் வெயிலில் ஒட்டிப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டை நம்பக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் தேவானை மட்டும் படிக்குப் போக மாட்டாள். முந்தானையை ஒரு பார்வை பார்ப்பாள். திரும்பாமலே அலமாரியில் கையை விட்டுத் துணிக்கட்டை உருவுவாள். தப்பியதே இல்லை. தப்பியதே இல்லை என்பதால் யாரும் சரிபார்த்ததும் இல்லை.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு தப்ப ஆரம்பித்தது.

முதலாளி ஸ்ரீரங்கன் மேகலாவைக் கல்லாப்பெட்டி பக்கம் கூப்பிட்டார். கோபப்படத் தெரியாத மனிதர். கசப்பான எதையும் அடுத்தவர் வாயால் சொல்லவைப்பதே அவர் வழக்கம்.

"அவளுக்குக் கண்ணு போயிடுத்து. நீ பக்கத்துலயே நின்னுண்டிருக்கே, உனக்குத் தெரியாதா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போறும்."

மேகலாவுக்கு ஆமாம் என்று சொல்ல வரவில்லை. ஆறு வருடமாகப் பக்கத்தில் நிற்கிறாள்தான். ஆனால் அவள் பார்த்தது இவ்வளவே: தேவானை வெட்டுகிறாள், துணி திரும்பி வருகிறது. நடுவில் கண் என்று ஒன்றை யாரும் பார்க்கவில்லை. அது சொல்கிறவர்கள் சேர்த்துக்கொண்டது. கடைக்கு எதிரே மெட்ரோ வேலைக்காக நீலத் தகரம் அடித்திருந்தார்கள். வெயில் ஏறினால் அந்த நீலம் தேவானை நிற்கும் இடம்வரை வந்து விழும், வெள்ளைத் துணிகூட அதில் கொஞ்சம் நீலம் தட்டும். காரணம் ஏன் தகரமாக இருக்கக் கூடாது? அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று மேகலா ஆசைப்பட்டாள். ஆசைப்படுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்வதாக முதலாளியிடம் சொன்னாள்.

மொட்டைமாடியில் தகரத்தின் சாயல் கிடையாது, பளீரென்ற வெயில் மட்டும்தான். தண்ணீர்த் தொட்டி நிழலில் தேவானையோடு சாப்பிட்டு முடித்ததும், மேகலா வெட்டு மிச்சத் துண்டுகள் பன்னிரண்டை வெளிச்சத்தில் பரப்பினாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பாவாடை தைக்கப்போகிறேன், பச்சையை மட்டும் பொறுக்கிக் கொடு அக்கா என்றாள். அரக்கையும் வாடாமல்லியையும் தேவானை சட்டென்று ஒதுக்கினாள். அதற்கப்புறம் கை தயங்கியது. கிளிப்பச்சையை விட்டாள், ஆகாய நீலத்தை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இன்னாடி, பரீட்சை வெக்கிறியா?"

மேகலா ஆமாம் என்றாள்.

தேவானை கோபிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, போன பார்வை இனித் திரும்பாது என்று போன ஆடியிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். நீலமும் பச்சையும் ஒன்றாகிப் போனதாம். ஆனாலும் ஆறு மாதம் ஒரு துணிகூடத் தப்பவில்லை. புடவையை வைத்திருப்பவர்களே "மயில்கழுத்துக்குக் குடுங்க", "கிளிப்பச்சைக்குக் குடுங்க" என்று வாயால் சொல்லிவிடுவார்கள். எந்த நிறம் எத்தனையாவது தட்டில் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடித்தபோது முதலாளி தட்டுகளை மாற்றி அடுக்கினார்.

"அலமாரிய மாத்திட்டாரு. என் கை இன்னும் பழைய எடத்துக்கே போய்க்கினு கீது," என்றாள். பிறகு மேகலாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தகரம்னு சொல்லுடி. தகரத்தாலதான்னு நீ சொன்னா அவுரு நம்புவாரு."

மேகலாவுக்குக் காலையிலிருந்து நின்றதில் கெண்டைக்கால் கடுத்தது. பொய் சொன்னால் என்ன ஆகும், உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டையும் யோசித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அந்த நியாயம் எதுவும் அவளை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. தேவானை குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, ஓரம் ஓரத்தோடு சேர, பழக்கத்தில் அழகாக மடித்து அடுக்கினாள். நீலமும் பச்சையும் கலந்து கிடந்தன. அதைப் பார்த்தபோதுதான், தகரம் என்று தன்னால் சொல்ல முடியாது என்பது மேகலாவுக்குத் தெரிந்தது. எழுந்து கீழே போனாள்.

"கண்ணுதான் சார். நானே பாத்துட்டேன்."

ஸ்ரீரங்கன் மூச்சை விட்டார். "சொன்னேனோல்லியோ. அப்போ நாளைலேர்ந்து வர வேண்டாம்னு அவகிட்ட பக்குவமா சொல்லிடு."

"கண்ணு சரியில்லன்றது நான் பாத்தது சார். வர வேணாம்ன்றத நான் எங்கயும் பாக்கல. அது நீங்க சொல்றது. நீங்களே சொல்லுங்க, அவங்க மூஞ்சியப் பாத்து."

இந்தக் கடையில் மேகலா இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஸ்ரீரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் போச்சு என்று மேகலா சொல்லிவிட்டால் வேலை போச்சு என்பதும் அவள் வாயிலிருந்தே வந்துவிடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வராமல் நடுவில் நின்றதும் அவரே எழுந்து போக வேண்டியதாயிற்று.

தேவானை மேஜைக்குப் பின்னால் கத்திரிக்கோலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவர் எதிரே போய் நின்றார். உனக்கு வயசாச்சு என்று ஆரம்பித்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறியோ என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அந்தப் பார்வைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாளையிலிருந்து கொக்கி, நாடா, எலாஸ்டிக் பக்கம் பார்த்துக்கொள், அங்கே நிறம் பார்க்கும் வேலை இல்லை என்று சொல்லி வந்துவிட்டார். தான் சொல்லப் போனது அது இல்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

தேவானைக்கு வேலை போகவில்லை என்று மேகலா நினைத்துக்கொண்டாள். இனி இரண்டு பேர் வேலையும் தன் தலையில்தான் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் தேவானை பக்கத்தில் வந்தாள்.

"என்னிய நாடா அறுக்க வெச்சிட்டியே."

"தகரம்னு சொன்னாலும் அடுத்த வாரம் துணி திரும்பி வந்திருக்குமேக்கா."

"வந்திருக்கும். அதுவரைக்கும் அந்த ஒரு வாரம் எனக்குக் கெடச்சிருக்கும்ல?"

செய்தது சரி என்று மேகலாவின் மனம் நிம்மதி அடையவும் இல்லை, தப்பு என்று குத்தவும் இல்லை. தினமும் இருவரும் பேசிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார்கள். இன்று தேவானை அவளுக்காக நிற்காமல் போனாள். மேகலா கால் கடுக்கப் பத்தடி பின்னால் நடந்தாள்.