ஓடாத கைக்கடிகாரம்

மயிலாளின் கைக்கடிகாரம் ஓடாது. ஆனாலும் அதைக் கட்டாமல் அவள் ஒருநாளும் பனியன் கம்பெனிக்குப் போனதில்லை. தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் கோயம்புத்தூரில் நெஞ்சைத் திறந்து வைத்த செயற்கை வால்வு, சத்தமில்லாத இடத்தில் டிக் டிக்கென்று கேட்கும். இருதய நோயாளி என்று தெரிந்தால் வேலை போய்விடுமென்று பயம். ஓவர்லாக் தையல் மிஷின்களின் இரைச்சலில் கவலையில்லை. கரண்ட் போனால் மட்டும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நழுவிவிடுவாள். உடனே அவளோடு செக்கிங் மேசையில் பிசிர் வெட்டும் பெண்கள் சூப்பர்வைசரின் மீசையைப் பற்றி உரக்கக் கேலி பேசத் தொடங்குவார்கள். வாயடங்காத கூட்டம், தெரிந்தால் ஊரெல்லாம் சொல்லிவிடும் என்று நினைத்துக்கொள்வாள்.

கத்தரி இருந்தும் பனியனின் நூல் பிசிரைப் பல்லால் கடித்தே அறுப்பாள். கை வேகம் குறையாது. அப்படிக் கடித்துக் கடித்து முன்பல் விண்டு, ஈறு சீழ் பிடித்தது. மேசைத்தோழி நஞ்சம்மாள்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

“ஆபரேஷன், இருதய வியாதி ஏதாச்சும் உண்டுங்களா?”

பல்லில் கை வைக்குமுன் வால்வைப் பற்றிச் சொல்லி, மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்று கோயம்புத்தூரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் நஞ்சம்மாள் நின்றாள்.

“இல்லீங்க.”

“என்னம்மா டிக் டிக்குங்குது?”

“வாச்சுங்க.”

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. இரண்டு வாரத்தில் குளிர்காய்ச்சல். அதையும் மறைத்து வேலைக்கு வந்தவள் மேசைமேலேயே சாய்ந்தாள்.

“கிருமி பல்லு வழியா ரத்தத்துல எறங்கி வால்வுல ஒட்டிக்கிச்சும்மா. உயிருக்கே ஆபத்து” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். “பல்லு டாக்டர் ஒண்ணும் கேக்கலியா?”

கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கட்டிலோரம் நஞ்சம்மாள் நின்றிருந்தாள்.

“கேட்டாருங்க. நாந்தான் பொய் சொல்லீட்டன்.”

டாக்டர் போனதும் நஞ்சம்மாளிடம் சொன்னாள்: “அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிரும்னுதான்...”

“அட கிறுக்கி! உன்ற வாச்சு வருசம் பூரா பத்தேகாலு காட்டுனா, சத்தம் உன்ற நெஞ்சுலதான்னு எங்களுக்குத் தெரியாதா? கரண்டு போனா நாங்க எதுக்குக் கத்திப் பேசறோம்னு நெனச்சே? கேட்டா நீ கூசிப்போவீன்னு ஒருத்தியும் கேக்கல.” நஞ்சம்மாளின் குரல் உடைந்தது. “அன்னிக்காச்சும் நானே பல்லு டாக்டருகிட்டச் சொல்லியிருக்கோணும். நீயே சொல்லுவீன்னு நின்னுட்டன்.”

மயிலாள் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். காய்ச்சலைவிட அந்தச் சொல் சுட்டது.

வார்டில் நெஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். நஞ்சம்மாள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூப்பர்வைசரின் மீசையைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தாள்.