வந்துட்டே இருக்கேன்

என் வீட்டு வாசல்ல பெரிய எழுத்துல எழுதி மாட்டியிருக்கேன்: குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரம், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. கண்ணாடி இல்லாதவங்களும் தெருமுனையிலேருந்தே படிச்சுடலாம். ஆனா பிள்ளைய விட்டுட்டுப் போறவங்களுக்கு அந்த எட்டு மட்டும்தான் கண்ணுல படும். எட்டடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே கதவத் தட்டுவாங்க. சாயங்காலம் ஆறு மட்டும் அவங்க கடிகாரத்துல அடிக்கவே அடிக்காது. கேட்டா, "நீங்க வீட்டுலதானேக்கா இருக்கீங்க"ம்பாங்க. வீட்டுலயே இருக்கறவளுக்கு வீடே தேவையில்லன்னு நினைப்பு.

அதனாலதான் இந்த வருஷ ஆரம்பத்துல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். ஆறு மணிக்கு வரணும். ஆறேகாலுக்குள்ள வரலைன்னா, ரெண்டாவதா எழுதிக் குடுத்திருக்கற நம்பரக் கூப்பிடுவேன், அவங்க வந்து கூட்டிட்டுப் போகணும். எக்காரணம் கொண்டும் குழந்தைய வாசலுக்கு வெளிய நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். கடைசியா சொன்னது எனக்கு நானே போட்டுக்கிட்ட விதி.

அன்னிக்கு ஆறு அஞ்சுக்கெல்லாம் நாலு குழந்தைங்க போயாச்சு. மிச்சம் பட்டாணி. மூணு வயசு, உருண்டையா இருப்பா, அதான் அந்தப் பேரு. ஷூவ மாட்டி, பைய முதுகுல போட்டுக்கிட்டு, கதவுக்குப் பக்கத்துல குட்டி நாற்காலியில உக்காந்திருந்தா.

"அம்மா வந்துட்டே இருக்காங்க"ன்னா, எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி.

நான் கடிகாரத்தப் பாத்தேன். என் பொண்ணுக்குப் பத்து வயசு. கால் மணி நேர நடையில இருக்கற நீச்சல் குளத்துல இருந்தா. ஆறரைக்கு அங்க கேட் மூடிடுவாங்க. அடுத்த வாரம் போட்டி, நாலு பேர் மாத்தி மாத்தி நீந்தற ரிலே, அதுல இவதான் கடைசி ஆள். ஏற்கெனவே ரெண்டு தடவ நான் லேட்டாப் போயாச்சு, ரெண்டுமே இந்தப் பட்டாணியோட அம்மா புண்ணியத்துல. மூணாவது தடவையும் ஆள் வரலைன்னா பேர எடுத்துடுவேன்னு கோச் தெளிவா சொல்லிட்டார். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு எட்டு மணிக்குத்தான் வருவார். வேற ஆள் இல்ல.

பட்டாணியோட அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்றவ.

"வந்துட்டே இருக்கேன்க்கா."

பின்னால ஏதோ மெஷின் உர்ருன்னு சுத்தற சத்தம். ரோட்டுல எந்த வண்டியும் அப்படி சத்தம் போடாது.

"எதுல வந்துட்டு இருக்க? அந்த மெஷின் மேலயே உக்காந்து வர்றியா?"

"ஒரு சாம்பிள் அவசரம்னு வந்துருச்சுக்கா. போட்டுட்டு ஓடி வந்துடறேன். ரெண்டே நிமிஷம்."

"ஆறேகால் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல உன் நாத்தனாரக் கூப்பிடுவேன். நீ எழுதிக் குடுத்த நம்பர்தான்."

மெஷின் சத்தம் தூரமாச்சு, தள்ளி வந்துட்டா போல. அப்புறம், "வேணாம்க்கா"ன்னா. குரலே மாறிப்போயிருந்துச்சு.

ஏன்னு எனக்குத் தெரியும். அவளும் புருஷனும் பிரிஞ்சு நாலு மாசம் ஆகுது. குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு கோர்ட்டுல கேஸ் நடக்குது. அந்த நம்பர் பிரியறதுக்கு முன்னாடி எழுதினது. மாத்தி எழுத அவளுக்கு வேற மனுஷங்க இல்ல. அந்த நாத்தனார் ஒரே ஒரு தடவ இங்க வந்து குழந்தையத் தூக்கிட்டுப் போனா போதும், பெத்தவளுக்குக் கூப்பிட வரக்கூட நேரமில்லன்னு கோர்ட்டுல சொல்லிடுவாங்க. எல்லாம் தெரிஞ்சுதான் பயமுறுத்தினேன்.

ஆறேகால் ஆச்சு. போன எடுத்தேன். நம்பர் திரையில வந்துருச்சு, கட்டை விரல வெச்சா போதும்.

பட்டாணி என்னையே பாத்துட்டு இருந்தா. "அம்மாவா?"ன்னா.

என்னால முடியல. அதுக்காகக் கோவம் குறைஞ்சுதுன்னு இல்ல, இன்னும் ஏறுச்சு. என் பொண்ணு அங்க தெருவுல நிக்கணும், நான் இங்க இவ பொண்ணுக்குப் பாவம் பாக்கணுமா? பட்டாணியத் தூக்கி இடுப்புல வெச்சேன், சாவிய எடுத்தேன். கதவப் பூட்டறப்போ ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போலாம்னு தோணுச்சு. பிள்ளையக் கூட்டிட்டுப் போறவங்க கையெழுத்துப் போடறதுக்குன்னு அங்கயே கயித்துல பேனா தொங்குது. எழுதல. வந்து பூட்டின கதவப் பாத்துக் கொஞ்ச நேரம் தவிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு நினைச்சேன். போன சைலன்ட்ல போட்டுப் பைக்குள்ள தள்ளினேன்.

பேருதான் பட்டாணி, தூக்கினா சிமெண்ட் மூட்டை. பாதி ஓட்டமும் பாதி நடையுமா போனேன். ரெண்டு சிக்னல்ல நின்னு, ஒரு தடவ செருப்பு கழண்டு, போய்ச் சேரும்போது ஆறு நாப்பது.

கேட் பூட்டியாச்சு. வெளிய பெஞ்சுல என் பொண்ணு, ஈரத் தலையோட, பைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. பக்கத்துல கோச் சாவிக்கொத்தோட நின்னுட்டு இருந்தார்.

"பாத்தீங்களா சார், எங்கம்மா வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன்ல"ன்னா என் பொண்ணு.

கோச் கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், அதுல நான் யாருக்கும் சளைச்சவ இல்ல. "பேர எடுத்துட்டேன்மா. இன்னொரு பிள்ளைக்கு சொல்லியாச்சு. எனக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு"ன்னார்.

ஆறு மணிக்கு மேல வர்றவங்ககிட்ட தினமும் நான் சொல்ற அதே வார்த்தை. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சார்னு கெஞ்சினேன், என்கிட்ட எல்லாரும் கெஞ்சற மாதிரியே. அவரும் என்னைய மாதிரியே தலைய மட்டும் ஆட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார்.

என் பொண்ணு அழல. அழுதிருந்தா தேவலாம்னு இருந்துச்சு. நீச்சல் கண்ணாடியப் பைலேருந்து எடுத்து, "இந்தா, வெச்சுக்கோ"ன்னு பட்டாணி கையில குடுத்துட்டா.

பைக்குள்ள போன் மினுக்கிட்டே இருந்துச்சு. பதினேழு தடவ கூப்பிட்டிருந்தா பட்டாணியோட அம்மா. எடுத்தேன்.

"அக்கா, கதவு பூட்டியிருக்கு. அவங்ககிட்ட குடுத்துட்டீங்களா? சொல்லுங்கக்கா. நான் அவங்க வீட்டுக்கே போறேன், கால்ல விழுந்தாவது கேக்கறேன்..." அதுக்கு மேல பேச மூச்சு இல்ல அவளுக்கு.

தவிக்கட்டும்னு நினைச்சவ நான்தான். அந்த சீட்டு எழுத எனக்கு அர நிமிஷம் ஆகியிருக்காது.

"யார்கிட்டயும் குடுக்கல. என் இடுப்புலதான் இருக்கா. நீ எங்கயும் போகாத, அங்கயே இரு"ன்னேன். "வந்துட்டே இருக்கேன்."

அவ ரொம்ப மெதுவா கேட்டா.

"நிஜமாவே கிளம்பிட்டீங்களாக்கா?"

குனிஞ்சு பாத்தேன். என் காலு இன்னும் பெஞ்சுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு.