ஏழுக்குப் போட்ட தப்பு

பதினெட்டு வருடமாக இரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் டீச்சருக்குப் புதுப் பாடப்புத்தகம் என்றாலே இளக்காரம். இந்த வருடம் வாண்டுகளுக்குச் சமன்பாடு வேறு. நடுவில் ஒரு காலிக் கட்டம், அதற்கு இத்தனை அலட்டலா என்று நினைத்தவள், பாடத்தைப் படிக்காமலேயே கரும்பலகையில் எழுதிப்போட்டாள்: 8 + 4 = □ + 5.

முப்பத்தொரு நோட்டில் கட்டத்துக்குள் பன்னிரண்டு. ஒரே ஒரு நோட்டில் ஏழு. ஓயாமல் எதையாவது கேட்பதால் ‘கேள்விக்குறி’ என்று டீச்சரே பெயர் வைத்த சிறுமியின் நோட்டு அது. சிவப்பு மையில் தப்புப் போட்டு, அவளை எழுப்பி நிறுத்தினாள்.

“எட்டும் நாலும் எவ்வளவு?”

“பன்னெண்டு, டீச்சர்.”

“அப்புறம் இந்த ஏழு எங்கேர்ந்து குதிச்சுது?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“அந்தப் பக்கம் அஞ்சு இருக்கே, டீச்சர்...”

“அதிகப்பிரசங்கி! அழிச்சுட்டு ஒழுங்கா எழுது.”

சிறுமி அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினாள்.

மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிட்டபடி டீச்சர் புத்தகத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தில் தராசுப் படம். சமக்குறிக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு. அந்தப் பக்கம், அவள் சரி போட்ட கணக்குப்படி, பதினேழு! சமக்குறி என்றால் விடை எழுதும் இடம் என்றே இத்தனை வருடம் பழகிப்போனவளுக்குக் காது மடல் சுட்டது. முப்பத்தொரு தப்புக்குச் சரி போட்டதையாவது திருத்திவிடலாம். சரியாகச் செய்த ஒருத்தியை நிற்கவைத்துச் சிரிக்கவிட்டதை என்ன செய்வது?

விஷயத்தைக் கேட்ட ஓவிய டீச்சர், “சின்னப் பசங்கதானே, நாளைக்கே மறந்துடுவாங்க. கண்டுக்காம விடுங்க,” என்றாள். கேட்க இதமாகத்தான் இருந்தது. தன் வாயால் எதையும் ஒத்துக்கொள்ளாமல் தராசையே பேசவைத்துவிடலாம் என்று டீச்சர் முடிவு கட்டினாள். கெட்டிக்காரிதான்.

மறுநாள் மேஜைமேல் தராசும் ஒரு டப்பா பொத்தானும். இடது தட்டில் எட்டும் நாலும், வலது தட்டில் ஐந்து.

“தட்டு நேரா நிக்க இன்னும் எத்தனை போடணும்?”

எல்லாக் கைகளும் உயர்ந்தன, கேள்விக்குறியின் கையைத் தவிர. டீச்சர் அவளையே கூப்பிட்டாள்.

சிறுமி ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள். ஏழாவது விழுந்ததும் தட்டுகள் நேராக நின்றன. அவள் நிறுத்தவில்லை. பன்னிரண்டாவதையும் போட்டாள். தட்டு டொக்கென்று மேஜையில் இடித்தது.

“சாஞ்சிடுச்சே, ஏன்?”

“தராசு தப்பு, டீச்சர்.”

டீச்சருக்கு வெட்கத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. “தராசு சரியாத்தான் இருக்கு, கண்ணு. நேத்து நீ போட்ட ஏழும் சரி. நான்தான் தப்பு,” என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. “அதிகமா இருக்கிறதை எடுத்துடும்மா.”

சிறுமி ஒரு பொத்தானை எடுத்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள், மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். ஐந்தையும் எடுத்து முடிக்கும்வரை அவள் தராசைப் பார்க்கவே இல்லை.