எல்லாம் கைக்கெட்டும் வீடு

அக்காவின் கணவர் நெஞ்சுவலியில் பிழைத்து வந்த வருடம், தங்கை அவர்களுக்காக ஒரு வீடு வரைந்தாள். கட்டடக்கலை படித்து முடித்து அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. ஓடுகிற பஸ்ஸில் நின்றே ஆயுளைக் கழித்த கண்டக்டர் மாமா, இனி ஓர் அடிகூட வீணாக எடுத்துவைக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். எங்கும் படி கிடையாது. காலை வெயில் கூடத்துக் கட்டிலுக்கே வந்து விழும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். படுத்தபடியே தெருவைப் பார்க்கலாம், கை நீட்டினால் குளியலறைக் கதவு, பொத்தானை அழுத்தினால் வாசல் கதவே திறந்துகொள்ளும்.

"இறங்குற ஸ்டாப்பே இல்லாத பஸ்ஸா இருக்கே" என்று குடிவந்த அன்று மாமா சிரித்தார். அவளும் சிரித்தாள்.

இரண்டே வருடத்தில், அவருடைய கால்கள் சூம்பிக்கொண்டே வருவதாக அக்கா போன் செய்தாள். தங்கை போய்ச் சேர்ந்தபோது பிசியோதெரபிஸ்ட் மாமாவின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"யாருங்க இந்த வீட்டை வரைஞ்சது? நடக்கவே வேலை வைக்கலையே."

"நான்தான்" என்றாள் தங்கை, கொஞ்சம் பெருமையாகவே.

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு முழங்காலுக்குத் திரும்பினார். "நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. கால்தான் சும்மா கெடந்து வீணாப் போச்சு. இப்பவே நடக்க வைக்கலேன்னா அப்புறம் படுக்கைதான்."

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. பழைய வாடகை வீட்டில் மாமா பேப்பர் வாங்க மாடியிலிருந்து இறங்குவார். சலூன்காரரிடம் ஒரு வம்பு, இஸ்திரிக்காரரிடம் ஒரு வம்பு என்று அளந்துவிட்டு ஏறிவர வெகுநேரமாகும். அதையெல்லாம் சிரமம் என்று நினைத்து ஒவ்வொன்றாக அழித்தவள் அவள்தான்.

"கட்டிலை உள்ரூமுக்கு மாத்திடலாம்க்கா. பாத்ரூம் கதவை அந்தப் பக்கம் வச்சு..."

"சும்மா இருடி. சுவரை இடிச்சா கால் முளைச்சிடுமா?" அக்காவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை.

"அவளை ஏன் விரட்டுற? பாசத்துல கட்டினா. நானும் மகாராஜா மாதிரி படுத்துட்டேன்." மாமா கால்களைக் கீழே தொங்கவிட்டார். "வா குட்டி, வாசல் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

எழுந்து நின்றார். ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி. கூடத்தின் நடுவே வந்ததும் முழங்கால் வெடவெடத்தது. கை தானாக நீண்டு காற்றைத் துழாவியது. இடித்துக்கொள்வாரோ என்று பயந்து தூண், மேசை, நாற்காலி எதுவும் வேண்டாமென்று அவள் விசாலமாக விட்டிருந்த கூடம் அது. அத்தனை வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். வாசல் இன்னும் எட்டத்தில் இருந்தது.

"போதும் குட்டி" என்றார் மாமா, மூச்சு வாங்க. "எங்கயாவது உக்கார வை."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கட்டில் மட்டும்தான் இருந்தது.