வெட்டிய இடத்தின் நிறம்

தண்டை வெட்டியதும் வெட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் போலக் கசிந்தால் பைக்குள் போடலாம். மஞ்சளாகக் கசிந்தால் தூக்கி எறிந்துவிட்டு, கத்தியைக் கழுவிவிட்டு, அடுத்த செடிக்குப் போக வேண்டும். பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் நின்றபடி அண்ணி இதைச் சொன்னபோது அவன் தலையை ஆட்டினான். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அவனுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை.

அண்ணி அவன் மனைவியின் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் தடத்தின் கடைசி நிறுத்தம் அந்தப் பணிமனைதான். இரண்டு நடைகளுக்கு இடையே தேநீர் குடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கும்போது முட்செடிகளைப் பார்த்துப் பார்த்து, விசாரித்து, ஒருநாள் வெட்டித் தின்றும் பார்த்துவிட்டாள். அதிலிருந்து வேறு பேச்சே இல்லை. போன வாரம் தனியாக வந்து வெட்டிச் சமைத்திருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் தங்கை கணவனையும் இழுத்து வந்துவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணா இருந்து குழப்பும் தம்பி. இலையில வெள்ளை வரி, ஓரமெல்லாம் முள்ளு. ஊதாவா பூத்தா அது நம்ம ஆளு, வரிமுள்ளு. மஞ்சளா பூத்தா பிரம்மதண்டு."

"அப்ப பூக்கட்டும், அப்புறம் வெட்டலாம்" என்றாள் மனைவி.

"பூத்தா தண்டு நாராயிடும்டி. மாடு கூடத் திங்காது. இப்பவே வெட்டணும், வெட்டித்தான் பாக்கணும்."

"பிரம்மதண்டைத் தின்னா என்ன ஆகும்?"

"வாந்தி, பேதி. ரொம்பப் போச்சுன்னா கால் வீங்கும், நெஞ்சுக்கும் வரும்னு சொல்றாங்க."

"இந்த வம்பை விலைக்கு வாங்கணுமா? கடையில கீரை இல்லியா?"

"நீ செருப்புக் கடையில நாள் பூரா குனிஞ்சு ஊரான் காலைப் பாத்துட்டு இருக்கறவ. தரையில என்ன முளைக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி. பிறகு கத்தியை அவன் பக்கம் நீட்டினாள். "நீங்க வெட்டுங்க தம்பி. நிறம் பாக்கறதையே தொழிலா வெச்சிருக்கறவர் நிக்கும்போது நாங்க எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கணும்."

அவன் கத்தியை வாங்கிக்கொண்டான்.

சாயப்பட்டறையில் அவனுக்குக் கண்ணு மாஸ்டர் என்று பெயர். வாடிக்கையாளர் தந்த மாதிரித் துணியையும் தொட்டியிலிருந்து எடுத்த நூலையும் விளக்குக்குக் கீழே அருகருகே வைத்துப் பார்த்து, "சரி" என்றோ "இன்னும் கொஞ்சம் நீலம்" என்றோ சொல்வது அவன் வேலை. அவன் "சரி" என்றால் நூல் வண்டியில் ஏறும். பத்தொன்பது வயதிலிருந்து வேறு எந்த வேலையும் அவன் செய்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுப்பதா, அவர் வரட்டும். சுவருக்கு வண்ணம் அடிப்பதா, அவரைக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு கட்டு நூலை வெள்ளை என்று அனுப்பினான். அது திரும்பி வந்தது. எலுமிச்சை நிறம் என்றார்கள். விளக்கு பழசாகிவிட்டது என்றான். முதலாளி மறுபேச்சில்லாமல் விளக்கை மாற்றினார். புது விளக்குக்குக் கீழேயும் அந்த நூல் அவனுக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வெளிறிய நிறங்கள் வரும்போது தொட்டிமேல் எழுதியிருப்பதை ஓரக்கண்ணால் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். இதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தூக்கம் போதவில்லை, தலைவலி, வயசு என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் இருந்தது.

முதல் தண்டை வெட்டினான். ஈரம் கசிந்தது. தண்ணீர்தான். பைக்குள் போட்டான். இரண்டாவது, தண்ணீர். பக்கத்துச் செடியில் கொஞ்சம் கொழகொழவென்று வந்தது. கத்தியைச் சாய்த்து வெயிலில் பிடித்தான். வெளுப்பாக இருந்தது. மஞ்சள் இல்லை. மஞ்சள் என்றால் மஞ்சளாகத்தானே தெரியும் என்று நினைத்தான். நினைத்த உடனே, தெரியாத மஞ்சள் எப்படித் தெரியும் என்றும் தோன்றியது. அந்த இரண்டு எண்ணங்களில் எது தன்னுடையது என்று புரியாமல் கொஞ்ச நேரம் குந்தியபடியே இருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, கத்தியைத் துடைத்துப் பார்த்தான். ஈரம் இருந்தது. கறை இல்லை. தண்டைப் பைக்குள் போட்டான்.

அதிலிருந்து ஒவ்வொரு தண்டுக்கும் கைக்குட்டையில் துடைத்தான். கறையே விழவில்லை. மனசு கொஞ்சம் தெளிந்தது.

பை நிறைந்ததும் அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள். "எறிஞ்சது எங்க?"

"எல்லாம் நல்ல தண்டுதான் அண்ணி."

"ஒண்ணு கூட பிரம்மதண்டு வரலியா?"

"இல்ல."

"ஆச்சரியமா இருக்கே. போன வாரம் இதே இடத்துல நான் பாதிக்குப் பாதி எறிஞ்சேன்." அவள் புருவத்தைத் தூக்கினாள். பிறகு சிரித்தாள். "கைராசின்னு ஒண்ணு இருக்கு பாருங்க. பஸ் ஓட்டற கைக்கு அது வராது போல."

திரும்பும்போது அக்காளும் தங்கையும் முன்னால் பேசிக்கொண்டு நடந்தார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். பை கனமாக இல்லை. ஆனாலும் இரண்டு முறை கை மாற்றினான்.

வீட்டில் முள் சீவும் வேலையும் அவனுக்கே வந்தது. பின்கட்டுக் குழாயடியில் வாளியை வைத்து, கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு, தண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே முள்ளையும் தோலையும் உரித்தான். தண்ணீருக்குள் உரித்தால் முள் தெறிக்காது என்று அண்ணி சொல்லியிருந்தாள். கசிகிற சாறெல்லாம் அங்கேயே கழுவிக்கொண்டு போயிற்று. உரித்தபின் எல்லாத் தண்டும் ஒன்றுபோல இருந்தது, வெளிர்பச்சையாக, விரல் பருமனில். அவற்றை மனைவி வாங்கிப் போய், கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டாள்.

அவன் வாளித் தண்ணீரைக் குனிந்து பார்த்தான். கலங்கல். என்ன நிறக் கலங்கல்? யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் கண்ணு மாஸ்டர் தன் மனைவியைக் கூப்பிட்டு வாளியில் இருக்கும் தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டால், அவள் ஏன் என்று கேட்பாள். அந்த 'ஏன்'-க்குப் பதில் சொல்லிவிட்டால் நாளைக்குப் பட்டறைக்கு எதற்குப் போவது? அவன் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தான். கவிழ்த்தபிறகு, ஏன் கவிழ்த்தோம் என்று நின்றான்.

உள்ளறையில் மேசை இழுப்பறைக்குள் பட்டறையிலிருந்து கொண்டுவந்த நிற அட்டை ஒன்று இருந்தது. துண்டு துண்டாக நூல் ஒட்டி, கீழே பெயர் எழுதிய அட்டை. ஜன்னலருகே போய்க் கைக்குட்டையை அதன்மேல் வைத்தான். வெள்ளை நூலோடு பொருந்தியது. அப்பாடா என்று மூச்சு விட்டான். பிறகு, சும்மா, எலுமிச்சை நூலோடும் வைத்துப் பார்த்தான். அதோடும் பொருந்தியது.

கட்டிலில் உட்கார்ந்தான். கண் தப்புச் சொல்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் கைக்குட்டையில் கறை இருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லை. கண் தப்பு என்பதால் தண்டும் தப்பு என்று ஆகிவிடாது. எல்லாமே நல்ல தண்டாகவும் இருக்கலாம். அண்ணி சொன்னது போலக் கைராசி. அப்படியானால் வாயைத் திறந்து எதற்காகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும்? ஆனால் போன வாரம் பாதிக்குப் பாதி. யோசனை சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. சமையலறையில் வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. இரண்டு பெண்களும் எதற்கோ சிரித்தார்கள்.

"மாஸ்டர் தியானத்துல இருக்காரா? வரச்சொல்லு, சூடு ஆறுது" என்றாள் அண்ணி.

மேசைமேல் வாணலி இருந்தது. வேகவைத்த தண்டுத் துண்டுகள் வெண்ணெயிலும் மிளகுத்தூளிலும் பளபளத்தன. பக்கத்தில் ரொட்டி. மூன்று தட்டுகள். அண்ணி கரண்டியால் முதல் தட்டில் அள்ளி வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"உப்புப் பாத்தியா?" என்று தங்கையைக் கேட்டாள்.

"பாத்தேன். ஒரு துண்டு. கொஞ்சம் கசக்குதுக்கா."

"கசக்கத்தான் செய்யும். லேசா. நாக்குல வந்துட்டு உடனே போயிடணும்."

"போகல. இன்னும் இருக்கு."

அண்ணி தனக்கென்று எடுத்த துண்டை முள்கரண்டியில் குத்தி வாயருகே கொண்டுபோனாள். அவன் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தங்கை கணவன் இப்படித் தன் கையைப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தான்.

"இதுல கறை இருக்கா?"

மனைவி கைக்குட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"கத்தி தொடைச்சேன். ஒவ்வொரு தண்டுக்கும். மஞ்சக் கறை இருக்கான்னு பாரு."

"எப்படிங்க தெரியும்? கைக்குட்டையே மஞ்சளாச்சே."

"வெள்ளைத் துணியில ஒட்டியிருக்கறதக் கேக்கறேன்."

"வெள்ளை இல்லங்க." அவள் குரல் தணிந்துவிட்டது. "வெளிர்மஞ்சள். பொங்கற பால்ல குங்குமப்பூ போட்ட மாதிரின்னு சொல்லி நான்தானே போன வருஷம் அரை டஜன் வாங்கினேன். நீங்ககூட நல்ல நிறம்னு சொன்னீங்க."

சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. அப்போது அது மஞ்சளாக இருந்ததா? ஒரு வருஷமாக அதை வெள்ளைக் கைக்குட்டை என்றுதான் நினைத்துக்கொண்டு இருக்கிறான். எந்த நாளில் அது வெளுத்தது என்று தேடிப் பார்த்தான். அப்படி ஒரு நாள் அகப்படவில்லை.

அண்ணி முள்கரண்டியை மெல்லத் தட்டில் வைத்தாள். நேராகப் பின்கட்டுக்குப் போய், குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்தாள். தோலும் முள்ளும் நடுவே தண்டுகளின் அடிக்கட்டைகளும் விழுந்தன. உரிக்க முடியாத வேர்ப்பக்கம் என்று அவன் நறுக்கி எறிந்தவை.

"கத்தி எடுத்துட்டு வாடி."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணி ஒவ்வொரு கட்டையாகப் புதிதாக நறுக்கினாள். நறுக்கிய இடத்தைக் காகிதத்தில் ஒற்றினாள். மனைவி பார்த்துச் சொன்னாள்.

"தண்ணி."

அடுத்தது.

"தண்ணி."

"தண்ணி."

ஒவ்வொரு முறையும் அவனும் குனிந்து பார்த்தான். தண்ணீர். அவள் சொல்வதும் அவன் பார்ப்பதும் ஒத்துப்போயின. ஒருவேளை ஒன்றுமே இல்லையோ, எல்லாம் வீண் கலவரமோ என்று நெஞ்சில் ஒரு நப்பாசை எழுந்தது. இன்னும் ஒன்று. தண்ணீர்தான், கொஞ்சம் கொழகொழப்பு. சொல்லப்போனான். மனைவி சொல்லவில்லை.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இது என்னவா தெரியுது?"

அவன் இன்னும் குனிந்து பார்த்தான்.

"மஞ்சள்ங்க. முட்டைக்கரு மாதிரி இருக்கு."

அண்ணி எழுந்து வாணலியை எடுத்துப்போய்க் குப்பைக்கூடையில் கொட்டினாள். பிறகு கைகழுவிவிட்டு வந்து கைபேசியை எடுத்து மருத்துவமனைக்குப் பேசினாள். அவள் பேசும் விதத்தில், பேருந்தில் யாராவது விழுந்துவிட்டால் பேசுவாளே, அந்த நிதானம் இருந்தது. ஒரு துண்டு. ஆமாம், வேகவைத்தது. அரைமணி ஆகியிருக்கும். இல்லை, வாந்தி இல்லை. பேசி முடித்து, "நிறையத் தண்ணி குடிக்கணுமாம். இன்னைக்கும் நாளைக்கும் கவனிக்கணுமாம். வாந்தி, மயக்கம், கால் வீக்கம் எது வந்தாலும் உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான் இங்கதான் இருக்கப்போறேன்" என்றாள். தங்கைக்கு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மனைவி குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளாங்க?"

"தெரியல."

"பட்டறையில தெரியுமா?"

"இல்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"எதைச் சொல்றது? எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. உங்களுக்கெல்லாம் தெரியறது இல்லன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே விளங்காமல் விழித்தான். அண்ணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க தம்பி. இப்படி ஒரு ஆளை நம்பித்தான் போன தீபாவளிக்குப் புடவை எடுத்தேனேன்னு நினைச்சேன். அதான் எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்களா."

"அது நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றாள் மனைவி. அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளைக்கு முதல்ல கண் டாக்டர்" என்றாள் மனைவி கடைசியில். "அப்புறம் முதலாளி. நானும் கூட வர்றேன்."

"உனக்கு உடம்பு சரியா இருந்தா" என்றான்.

"இருக்கும்."

அவன் தரையில் கிடந்த அந்தக் கட்டையை எடுத்து மறுபடி பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். வெளுப்பாக, ஈரமாக, ஒரு தப்பும் இல்லாததுபோல இருந்தது. இத்தனைக்குப் பிறகும் அவன் கண் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் இருவரும் பொய் சொல்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கட்டையைக் கூடையில் போட்டான். நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தான். அந்த வண்ணத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான்.

"இந்தச் சுவரு?" என்று கேட்டான்.

மனைவி சுவரைப் பார்த்தாள். சொல்வதற்கு முன், செம்பை எடுத்து இன்னொரு மிடறு குடித்தாள்.